படி தாண்டாதீங்க, கோமிஸர்!

"ஆ...ஆ...ஆ!"

சுல்தான் தலைநகரின் பேரா கடைத்தெருவே திரும்பிப் பார்த்தது.

நகைக்கடை ஒன்னிக் தன் கடை வாசலிலேயே சரிந்து கிடந்தார். நெஞ்சில் கத்தி. உயிர் இல்லை!

அலறியது அவர் மகள் சிரானுஷ். எதிர் வீட்டைக் கை காட்டினாள்.

"ரெமிஜியோதான்! என் கண்ணால பாத்தேன், நுஸ்ரத் அண்ணா! மோதிரப் பெட்டியத் தூக்கிட்டு உள்ள ஓடிட்டான்!"

ரோந்து வந்த போலீஸ் அதிகாரி, கோமிஸர் நுஸ்ரத் பாய்ந்தார். எதிர் வீட்டுக் கதவு திறந்தே கிடந்தது...

படியில் கால் வைக்கப் போனவர் சட்டென்று நின்றார்.

உள்ளே ரெமிஜியோ சாவகாசமாகக் காபி குடித்துக் கொண்டிருந்தான்.

"வாங்க எஃபெந்தி... ஆனா படி தாண்டாதீங்க! இது வெளிநாட்டுக்காரன் வீடு. எங்க தூதரகத்துத் துபாஷி கூட வராம போலீஸ் உள்ள வரக் கூடாது. வந்தா உங்க வேலை காலி!"

"கொலைகாரப் பாவி!"

"அத என் தூதரகம் விசாரிக்கும். போன தடவை மாதிரியே விட்டுடும். சாயங்காலம் கப்பல். அப்புறம் நான் யாரோ, நீங்க யாரோ!"

எந்த நாட்டுத் தூதரகம் என்று நான் சொல்ல மாட்டேன். வம்பு எனக்கெதற்கு?

"அப்பாவக் கொன்னவன் கப்பலேறிடுவானா அண்ணா?" சிரானுஷ் விம்மினாள்.

நுஸ்ரத் துபாஷிக்கு ஆளனுப்பி விட்டு வாசலிலேயே நின்றார்.

அப்போது... டமடமவென்று மேளம்! கொடிகளோடு ஊர்வலம்! சார்ஜென்ட் ருஸ்தம் பத்திரிகையை ஆட்டியபடி ஓடி வந்தார்.

"எஃபெந்தி! வெளிநாட்டுக்காரங்க சலுகையெல்லாம் ரத்து! இனிமே எல்லாருக்கும் நம்ம சட்டம், நம்ம கோர்ட்டு!"

நுஸ்ரத் உற்சாகமாகக் காலைத் தூக்கினார்.

"...அக்டோபர் ஒண்ணாம் தேதியிலேர்ந்து" என்று படித்து முடித்தார் ருஸ்தம்.

அன்று 1914 செப்டம்பர் பத்து. தூக்கிய கால் அந்தரத்திலேயே நின்றது.

ரெமிஜியோ விழுந்து விழுந்து சிரித்தான். "மூணு வாரம் அப்படியே நில்லுங்க, கொக்கு மாதிரி!"

ஒரு குதிரை வண்டி வந்து நின்றது. துபாஷி பர்த்தோலி இறங்கினார். பின்னால் தடித்தடியாகத் தூதரகக் காவலர்கள்.

"வாங்க துபாஷி! இந்தக் கோமிஸர விரட்டுங்க!" என்றான் ரெமிஜியோ.

துபாஷி நெற்றி வியர்வையைத் துடைத்தார்.

"காலையிலேர்ந்து பெரிய ரகளை, கோமிஸர். ரத்து செல்லாதுன்னு எல்லாத் தூதர்களும் கத்தறாங்க. உங்க அமைச்சர் அசரவே இல்ல. 'உங்க ஆள் ஒருத்தனையாவது நீங்க தண்டிச்சதுண்டா?'ன்னு கேட்டார். எங்க தூதர் திருதிருன்னு முழிச்சார்!"

"அதனால?"

"அதனால... எங்க கோர்ட்டு எவ்வளவு கறார்னு ஊருக்குக் காட்டணும். தூக்குல போட அவசரமா ஒருத்தன் வேணும்!"

உள்ளே காபிக் கோப்பை விழுந்து உடைந்தது.

காவலர்கள் புகுந்தார்கள். மோதிரப் பெட்டி மெத்தைக்கடியில் கிடைத்தது. ரெமிஜியோ வாசல் நிலையைக் கட்டிப் பிடித்துக் கொண்டான்.

"எஃபெந்தி! நீங்க என்னைக் கைது பண்ணுங்க! உங்க கோர்ட்டுல கேஸ் பத்து வருஷம் இழுக்கும்... இவங்க இந்த வாரமே முடிச்சிடுவாங்க! ஒரே இழு... வெளிய வந்துடுவேன்!"

சிரானுஷ் கண்ணைத் துடைத்துக் கொண்டு நிமிர்ந்தாள்.

நுஸ்ரத் இரண்டு கைகளையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக் கொண்டார்.

"ஆசைதான் மொசியே... ஆனா நான் படி தாண்டக் கூடாதாமே! அக்டோபர் ஒண்ணாம் தேதி வந்து பாக்கறேன்... நீங்க இருந்தா!"