மஞ்சள் கலந்த பூச்சு

"எல்லம்மாள இன்னிக்கே காலி பண்ணச் சொல்லுங்க சார்."

சொல்லியே விட்டாள் துர்காதேவி. 'அளந்து எழுதறதோட உன் வேலை முடிஞ்சிது. குடித்தனக்காரங்கள காலி பண்ணுன்னு மட்டும் வாயத் தொறக்காத' என்று வேலைக்குச் சேர்ந்த அன்றே காண்ட்ராக்டர் ராஜாராம் சொல்லி வைத்திருந்தார்.

"கண்ணாடி ஒடஞ்சிதா?"

"இல்ல."

"அப்பறம் இன்னாத்துக்குமா பேஜாரு பண்ற? நாளைக்கு மாடிக்குக் கான்கிரீட்டு. செவுரு அசையலன்னு எழுதி கையெழுத்தப் போடு."

வீட்டிலேயே முதல் பட்டதாரி அவள்தான். பொய்க்குக் கீழே கையெழுத்துப் போடுவதற்காக நாலு வருஷம் செங்கல்பட்டு ரயிலில் இடிபட்டுப் போய் இன்ஜினியரிங் படிக்கவில்லை.

முட்டுக்காட்டில் உப்பங்கழியைப் பார்த்த பழைய வீடு. பின்னறைச் சுவரில் ஜன்னலிலிருந்து தரை வரை விரிசல். அதன் குறுக்கே கண்ணாடித் துண்டை வைத்து பிளாஸ்டர் ஆஃப் பாரிஸால் பூசி, சிவப்பு நகப்பூச்சால் தேதி எழுதியிருந்தாள். சுவர் ஒரு நூல் நகர்ந்தாலும் கண்ணாடி ஒடிய வேண்டும். இரண்டு மாதமாக ஒடியவில்லை. பென்சில் கோடாக இருந்த விரிசலில் இப்போது சுண்டுவிரலே நுழைந்தது. சுவருக்கு அந்தப் பக்கம்தான் எல்லம்மாள் தன் குழந்தைக்குத் தூளி கட்டியிருந்தாள்.

ஒடிந்ததை எடுத்துவிட்டு ராஜாராம்தான் வேறு ஒட்டுகிறார். அவளுக்கு அதில் சந்தேகமே இல்லை. அதனால்தான் போன புதன்கிழமை, யாருக்கும் தெரியாமல் பூச்சில் மஞ்சள்தூளைக் கலந்து புதுக் கண்ணாடி ஒட்டினாள். அறைக்குத் தன் பூட்டைப் போட்டுச் சாவியைக் கழுத்தில் மாட்டிக்கொண்டாள்.

இன்று கண்ணாடி முழுசாக இருக்கிறது. 2.12.98. ஒன்பதின் வாலை வளைத்த விதம்கூட அவளுடையதுதான். பூச்சு மட்டும் வெள்ளை.

"எத்தினி சாவி சார் வச்சிருக்கீங்க?"

"பூட்டு உன்னுது. சாவி உன் கழுத்துல கீது. என்னப் போயி கேக்கற?"

ஜல்லி லாரிச் சத்தம் கேட்டு அவர் வெளியே போய்விட்டார்.

மழை இருட்டிக்கொண்டு நின்ற பகல்; ஈரச் சுண்ணாம்பும் கழிச் சேறும் கலந்த வாடை மூக்கில் ஏற, சுவருக்கு அப்பாலிருந்து தூளிக் கயிறு கிறீச் கிறீச்சென்று விடாமல் கேட்டுக்கொண்டிருக்க, கத்தி முனையைக் கண்ணாடிக்கு அடியில் விட்டு நெம்பினாள். பெயர்ந்து வந்தது. பூச்சு இன்னும் காயவில்லை. பின்பக்கம் நான்கு பள்ளங்கள். விரல் பதிந்த பள்ளங்கள். விரிசலுக்குள்ளிருந்து அழுத்தியவை.

ஒன்பது அங்குலச் சுவர்.

டார்ச்சை அடித்தாள்.

விரல் நுனிகள். மஞ்சள் ஏறிய நகங்கள். அசைவில்லை. பிறகு, மெல்ல, ஒரு கண்ணாடித் துண்டை வெளியே நீட்டின. சிவப்பு எழுத்து. 10.12.98.

நாளைய தேதி. அவள் கையெழுத்து.

வாசலில் ராஜாராம் காகிதத்தையும் பேனாவையும் நீட்டினார். அவள் நிற்கவில்லை. நேரே எல்லம்மாள் பக்கம் போனாள்.

"அக்கா, வா வெளிய. துணிமணி வேணாம்."

"இன்னாடி ஆச்சி? சோறு பொங்கிகினு கீது."

"பொங்கட்டும். தூளிய யாரு ஆட்டினது?"

"காலைலேர்ந்து நான் அடுப்பாண்டதான கீறேன்."

தூளி நின்றிருந்தது. குழந்தை தூங்கியது. சுவரோரத் துணியில் நான்கு மஞ்சள் தீற்றல். ஈரம்.

துர்காதேவி குழந்தையைத் தூக்கித் தோளில் போட்டுக்கொண்டாள். எல்லம்மாளின் கையைப் பிடித்து இழுத்தாள். "கையெழுத்து..." என்றார் ராஜாராம். அவள் திரும்பிப் பார்க்கவில்லை. வாசல். படி. மணல்.

பின்னால், காலித் தூளியின் கயிறு.

கிறீச். கிறீச்.