மருந்து... என்றாள் முருகம்மாள்!

"மருந்து...!"

அலறல் கேட்டு ஞானபூரணி நிமிர்ந்தாள்.

செங்கமலப்பேரி நகராட்சிக் கூட்ட மண்டபத்தின் வாசலில் முருகம்மாள் நின்றிருந்தாள். நின்றிருந்தாள் என்று சொல்வதுகூட உபசாரம். கதவு நிலையைப் பிடித்துத் தொங்கிக்கொண்டிருந்தாள்!

"சேர்மன் அம்மா... மருந்து... மருந்து...!"

வலது கை மேடையை நோக்கி நீண்டது. கண்கள் செருகின.

அடுத்த நொடி... தடால்!

அதுவரை கூட்டம் நல்லபடியாகக் கொட்டாவி விட்டுக்கொண்டிருந்தது. ஆண்டு இலக்குகள் பற்றிய ஆய்வு. போன வருடம் என்ன செய்வதாகச் சொன்னோம், எதைச் செய்யவில்லை, ஏன் செய்யவில்லை என்று சேர்மன் ஞானபூரணி வாசித்து முடித்திருந்தாள். செய்யாததுதான் அதிகம். குடிதண்ணீர் வரவில்லை. சாக்கடை நகரவில்லை. வீடுகளில் திருட்டுத்தனமாகப் பட்டாசு செய்வதை ஒழிப்போம் என்ற இலக்கு, இலக்காகவே பத்திரமாக இருந்தது.

அடுத்தது பொதுமக்கள் குறை கேட்பு. முதல் பெயரே முருகம்மாள்தான். தாயில்பட்டியில் பட்டாசு வேலைக்குப் போகிறவள். தன் தெருவில் வீட்டுக்கு வீடு வெடி செய்கிறார்கள் என்று மாதக்கணக்காக நடையாய் நடந்தவள். பெயரைக் கூப்பிட்டபோது ஆளைக் காணோம்.

இப்போது வந்தாள். இந்தக் கோலத்தில்!

மண்டபம் மொத்தமும் எழுந்தது.

"ஏலே, மருந்தக் குடிச்சுட்டாலே!"

"பூச்சிமருந்தா?"

"வேற எந்த மருந்து? சோப்புத் தண்ணி கொண்டாங்க... சீக்கிரம்!"

"இல்லப்பா, யாரோ குடுத்துட்டாக! மேடையக் கை காமிச்சா பாத்தீகளா? மணிமுத்து அண்ணாச்சியத்தான் காமிச்சா!"

மேடையில் இருந்த கவுன்சிலர் மணிமுத்துவுக்கு வேர்த்தது. சொந்தமாகப் பட்டாசுக் கம்பெனி வைத்திருக்கிறவர். முருகம்மாளை நேற்று நடுத்தெருவில் நிறுத்தி, "பேசுன... நாக்கு இருக்காது!" என்று கத்தியதை ஊரே கேட்டிருந்தது.

"ஏய்... எவம்லே சொன்னது? நான் எதுக்கு அவளுக்கு மருந்து குடுக்கேன்?"

எல்லோரும் வாசலுக்கு ஓடினார்கள். நாற்காலிகள் உருண்டன. மேடைப் பலகைகள் தடதடத்தன. ஞானபூரணிதான் முதலில் போய் முருகம்மாளின் தலைமாட்டில் உட்கார்ந்தாள்.

சேர்மன் ஆவதற்கு முன் அவள் நர்ஸ். விருதுநகரில், சிவகாசியில் என்று எத்தனையோ பேரின் வயிற்றைக் கழுவிய கை. பூச்சிமருந்தின் நாற்றம் தூக்கத்தில் வந்தால்கூடத் தெரிந்துவிடும்.

குனிந்து முகர்ந்தாள்.

நாற்றம் இல்லை!

இமையை விலக்கிப் பார்த்தாள். பூச்சிமருந்து குடித்தவர்களின் கண்மணி ஊசிமுனையாகச் சுருங்கிப் போயிருக்கும். இவளுக்குச் சுருங்கவில்லை.

"சோப்புத் தண்ணிய ஊத்தாதீக! தள்ளுங்க! காத்து வரட்டும்!"

தலையைத் தூக்கினாள். உள்ளங்கை பிசுபிசுத்தது.

ரத்தம்.

"இன்ஸ்பெக்டர்!"

பந்தோபஸ்துக்கு வந்திருந்த இன்ஸ்பெக்டர் சொர்ணலட்சுமி கூட்டத்தைப் பிளந்துகொண்டு வந்தார். கும்பகோணத்துக்காரர். இங்கே மாற்றலாகி வந்து ஒரு மாதம்கூட ஆகவில்லை.

"விஷம் வச்சவன் யாருன்னு இப்பவே தெரியணும். மணிமுத்து சார், நீங்க எங்கேயும் போகாதீங்க!"

"விஷம் இல்ல மேடம்" என்றாள் ஞானபூரணி. "பின்மண்டையில அடிச்சிருக்காக."

"அவங்க மருந்துன்னு கத்தினாங்களே?"

"எங்க ஊர்ல மருந்துன்னா ரெண்டு மேடம். ஒண்ணு குடிக்கிறது..."

"இன்னொண்ணு?"

"வெடிக்கிறது!"

சொர்ணலட்சுமியின் முகம் மாறியது.

பட்டாசுக்குள் அடைக்கிற ரசாயனக் கலவைக்கும் இங்கே மருந்து என்றுதான் பெயர். மண்டபத்தில் பாதிப் பேர் அதில் புழங்குகிறவர்கள். ஆனால் ஒருத்தி கத்திக்கொண்டே சுருண்டு விழுந்தால் யாருக்கு வெடி ஞாபகம் வரும்? எல்லோருடைய புத்தியும் பூச்சிமருந்துக்குத்தான் போயிருந்தது. நர்ஸ் புத்தி உட்பட!

"மருந்து இங்கனக்குள்ள எங்கயோ இருக்கு. அதச் சொல்லத்தான் இவ ஓடியாந்திருக்கா. முதல்ல ஜனங்கள வெளிய அனுப்புங்க. பின்னாடி அங்கன்வாடி இருக்கு... பிள்ளைகளையும்!"

சொர்ணலட்சுமி விசிலை ஊதினார். ஆம்புலன்ஸ் வந்து முருகம்மாளை ஏற்றிக்கொண்டது. அங்கன்வாடிப் பிள்ளைகள் ஆளுக்கொரு இடுப்பில் ஏறித் தெருமுனைக்குப் போனார்கள். மண்டபம் காலியானது.

ஞானபூரணி மட்டும் போகவில்லை.

மேடையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

கூட்டம் தொடங்கும்போது ஏற்றிய குத்துவிளக்கு.

அணைந்திருந்தது!

காற்றில் அணைந்தால் ஒரு முகம் அணையும், ரெண்டு முகம் அணையும். இங்கே ஐந்து திரியும் எண்ணெய்க்குள் அமுங்கிக் கிடந்தன. யாரோ விரலால் அமுக்கியிருக்கிறார்கள்.

"மேடம்... இங்கன வாங்க" என்று இன்ஸ்பெக்டரின் காதோடு பேசினாள். "முருகம்மா மருந்துன்னதும் ஊரே சோப்புத் தண்ணிக்கு ஓடுச்சு. ஒரே ஒரு ஆளு மட்டும் விளக்க அணைச்சிருக்கான்."

"அதாவது..."

"அவ சொன்னது எந்த மருந்துன்னு அவனுக்கு மட்டும் தெரியும். ஏன்னா வச்சதே அவன்தான்!"

"மேடையில யார் யார் இருந்தீங்க?"

"நானும் இன்னும் மூணு பேரும்."

மணிமுத்து. நகராட்சிக் கமிஷனர் ஜெப்ரின். மூன்றாவது, ஞானபூரணியின் கணவர் வேதமாணிக்கம். ஓய்வுபெற்ற வாத்தியார். சேர்மனின் கணவருக்கு மேடையில் நாற்காலி போட எந்தச் சட்டமும் இல்லை. போடாமல் இருக்க எந்த நகராட்சிக்கும் தைரியம் இல்லை!

"மணிமுத்துதான்" என்றாள் ஞானபூரணி. "எனக்குச் சந்தேகமே இல்ல. அவரு வாயாலேயே வர வைக்கேன். மூணு பேரையும் மேடைக்குக் கூப்பிடுங்க. நான் ஒண்ணு செய்யப் போறேன். நீங்க அவரு மூஞ்சியவே பாத்துக்கிட்டு இருங்க."

"ஆபத்து ஒண்ணும் இல்லையே?"

"இல்ல. நம்புங்க."

மூவரும் வந்தார்கள்.

"என்னம்மா இது?" என்றார் ஜெப்ரின், கைக்குட்டையால் முகத்தை ஒற்றிக்கொண்டே. "வெளிய போகச் சொன்னீக. இப்ப உள்ள கூப்பிடுதீக. கலெக்டர் ஆபீஸ்ல இருந்து வேற போன் வந்துக்கிட்டே இருக்கு."

"விளக்கு அணைஞ்சு போச்சு. நல்ல காரியத்துல இப்படி ஆகலாமா? திரும்ப ஏத்திட்டுப் போயிரலாம்."

"இப்ப அதுவா முக்கியம்?" மணிமுத்து எரிந்து விழுந்தார். "என்னையக் கொலகாரம்ங்கானுக. நீங்க விளக்கு ஏத்தணும்ங்கீக!"

ஞானபூரணி விளக்கின் பக்கம் திரும்பினாள். தட்டில் கிடந்த தீப்பெட்டியை எடுத்தாள். ஒரு குச்சியைப் பெட்டியின் விளிம்பில் வைத்தாள்.

இன்ஸ்பெக்டரின் கண் மணிமுத்துவின் முகத்தில்!

மணிமுத்து மூக்கைச் சொறிந்துகொண்டிருந்தார்.

குச்சியை இழுக்கக் கை உயர்ந்தது...

"பூரணி! வேண்டாம்!"

குரல் அவள் முதுகுக்குப் பின்னாலிருந்து வந்தது!

"பத்த வைக்காத! கீழ... கீழ மருந்து இருக்கு!"

ஞானபூரணி திரும்பவில்லை. அந்தக் குரலை அடையாளம் பார்க்க அவளுக்குக் கண் தேவையில்லை. காலையில் காப்பி கேட்கிற குரல். ராத்திரி ஜெபம் சொல்கிற குரல்!

வேதமாணிக்கம்.

"என்னங்க...?"

மேடை விளிம்பைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாள்.

"சார்! நகராதீங்க!" சொர்ணலட்சுமியின் கை வேதமாணிக்கத்தின் தோளில் விழுந்தது. அவருடைய வலது கையைத் திருப்பிப் பார்த்தார். பெருவிரலிலும் ஆள்காட்டி விரலிலும் கரி. எண்ணெய்.

"எங்கே இருக்கு மருந்து?"

"மேடைக்கு அடியில... நாற்காலி போட்டு வைக்கிற இடத்துல."

ஜெப்ரின் ஒரே தாவலில் மேடையை விட்டுக் குதித்தார். கமிஷனர்களுக்கும் முழங்கால் உண்டு என்று அன்றுதான் தெரிந்தது!

"யாரோட சரக்கு?"

"பாண்டியோடது. வீட்டுக்கு வீடு வெடி செய்யக் குடுக்கானே, அவன்தான். ரெய்டு வருதுன்னு அலறிக்கிட்டு வந்தான். நகராட்சி ஆபீஸ எவன் சோதனை போடுவான்னான்... விடியுமுன்ன மூட்டைய இறக்கிட்டான்." வேதமாணிக்கம் மனைவியின் பக்கம் திரும்பினார். "பூரணி, உன் எலக்‌ஷனுக்கு நாயா அலைஞ்சவன் அவன். எப்படி மாட்டேன்ங்கிறது? ரெண்டு நாள்னுதான் கேட்டான்..."

"முருகம்மாள?" ஞானபூரணி தலை நிமிர்ந்தாள்.

அவர் மேடைப் பலகையைப் பார்த்தார்.

"கேக்கேன்ல... முருகம்மாள யாரு அடிச்சது?"

"கூட்டத்துக்கு முன்ன குழாயில தண்ணி குடிக்கன்னு பின்பக்கம் வந்தா. நான் மேடைக்கு அடியில உள்ள கதவ மூடிக்கிட்டு இருந்தேன். மூட்டையப் பாத்துட்டா... கத்த வாயத் தொறந்தா... கதவுக்கட்டை கையில இருந்துச்சு. நான் வேணும்னு செய்யல பூரணி."

"அவ செத்துட்டான்னு நெனச்சீகளோ?"

வேதமாணிக்கம் கண்ணை மூடிக்கொண்டார்.

"நெனச்சுட்டு வந்து என் பக்கத்துல உக்காந்தீக. நான் இந்த விளக்க ஏத்துறதப் பாத்துக்கிட்டே உக்காந்திருந்தீக! எம்புட்டுச் சனம்! அம்புட்டுப் பிள்ளைக பின்னாடி!"

"எப்படித் தடுப்பேன்? தடுத்தா ஏன்னு கேப்பியே! அதான் விளக்குப் பக்கத்துலயே உக்காந்தேன். அவ மருந்துன்னு கத்துனதும் எல்லாரும் தடதடன்னு ஓடுனாக, விளக்கு ஆடுச்சு. கை தானாப் போயிருச்சு..."

ஞானபூரணிக்கு அழுகை வந்தது. அழுதாள். சேர்மன் அழக் கூடாது என்று இந்த நகராட்சியில் தீர்மானம் எதுவும் இல்லை. இத்தனை வருடம் கூட வாழ்ந்த மனிதர். பிள்ளைகளுக்கு ஒழுக்கம் சொல்லிக்கொடுத்த வாத்தியார். மணிமுத்துவின் மேல் கண்ணை மூடிக்கொண்டு பழி போட்டோமே என்கிற வெட்கம் வேறு பிடுங்கித் தின்றது.

"அண்ணாச்சி... மன்னிச்சிருங்க."

"விடுங்கம்மா" என்றார் மணிமுத்து. ஆனால் கால் தரையில் பாவவில்லை. "அதிருக்கட்டும்... அந்தக் குச்சிய முதல்ல கீழ போடுங்கம்மா! கும்பிட்டுக் கேக்கேன்!"

ஞானபூரணி கையிலிருந்ததை நீட்டினாள்.

ஏற்கெனவே எரிந்து கருகிய குச்சி. பெட்டியைத் திறந்து காட்டினாள். காலி!

"மருந்து எங்க இருக்குன்னு தெரியாம எவளாவது நெருப்பு வைப்பாளா?"

தீயணைப்பு வண்டி வந்தது. மேடைக்கு அடியிலிருந்து மருந்து மூட்டை மூட்டையாக வெளியே வந்தது. ஒரு மூட்டை கிழிந்து, பலகை இடுக்கு வரை தூள் சிதறிக் கிடந்தது. பார்த்த தீயணைப்பு அதிகாரி தொப்பியைக் கழற்றி வேர்வையைத் துடைத்துக்கொண்டார்.

சாலைக்கு அந்தப் பக்கம், பள்ளிக்கூட மைதானத்து வேப்பமரத்தடியில் சனம் கலையாமல் நின்றது. சொர்ணலட்சுமி செல்போனைக் காதிலிருந்து எடுத்தார்.

"முருகம்மாளுக்கு நினைவு வந்துடுச்சாம். உயிருக்கு ஆபத்தில்லை. தையல் போடறப்ப டாக்டரையே திட்டினாங்களாம்!"

ஞானபூரணி நெஞ்சில் கை வைத்தாள். கர்த்தருக்கு நன்றி சொன்னாள்.

"அம்மா... கூட்டத்த இன்னொரு நாளைக்கு வச்சுக்கலாமா?" என்று மெல்லக் கேட்டார் ஜெப்ரின்.

"வேண்டாம். நாற்காலியக் கொண்டாந்து இங்கன போடச் சொல்லுங்க. பாண்டி யாரு யாரு வீட்டுல சரக்கு வச்சிருக்கான்னு இப்ப ஜனங்களே சொல்லட்டும்."

மைக்கைக் கையில் எடுத்தாள். குரலைச் சரி செய்துகொண்டாள்.

போலீஸ் ஜீப் கிளம்பியது. கம்பி வலைக்குப் பின்னாலிருந்து வேதமாணிக்கம் கதறினார்.

"பூரணி! ஒரு நிமிசம்! நான் சொல்றதக் கேளு! வக்கீலுக்கு ஒரு போன் போடு!"

சனம் மொத்தமும் அவளைத் திரும்பிப் பார்த்தது.

ஞானபூரணி மைக்கிலேயே பதில் சொன்னாள்.

"குறை இருந்தா மனுவா எழுதிக் கொடுங்க... வரிசைப்படி கூப்பிடுவோம்!"