ப்ரெவால் பாலத்து வெள்ளிக்கிழமை

நான் நினைவில் வைத்திருப்பது சரிதானா என்று எனக்கே சந்தேகம். பத்து வருடமாக யாரிடமும் சொல்லாமல் மனதுக்குள்ளேயே திருப்பித் திருப்பிப் பார்த்ததில் சில ஓரங்கள் தேய்ந்திருக்கலாம், சில புதிதாக முளைத்திருக்கலாம். கமாலுதீன் பொய்யன் என்பதில் மட்டும் எனக்குச் சந்தேகமே இல்லை.

1957 ஜூன் மாதம், மட்டாஞ்சேரியில் ஒரு மிளகு ஏற்றுமதிக் கம்பெனிக்குப் பிரெஞ்சுக் கடிதங்கள் எழுதப் புதுச்சேரியிலிருந்து வந்தேன். கமாலுதீன் வீட்டில் மாடி அறை வாடகைக்குக் கிடைத்தது. பெட்டியை இறக்கி வைத்த அன்று பிற்பகல், கீழே குளியலறையில் யாரோ தண்ணீர் ஊற்றும் சத்தம் கேட்டது. இறங்கிப் பார்த்தேன். கதவு வெளியே தாழிட்டிருந்தது.

கமாலுதீன் முற்றத்தில் சாயா குடித்துக்கொண்டிருந்தார். அவர் மனைவி ஷரீஃபா அரிசி புடைத்துக்கொண்டிருந்தார். இருவரும் அந்தப் பக்கம் திரும்பவில்லை.

மட்டாஞ்சேரிக் காற்றில் உப்பும் மிளகும் இஞ்சியும் எப்போதும் இருக்கும். அந்தக் கதவிடுக்கில் வந்த வாடை வேறு. உப்பே இல்லாத ஆற்றுச் சேறு. அழுகிய பாசி. ஜூன் மாதத்துக்குப் பொருந்தாத ஒரு குளிர்.

கமாலுதீனும் அமீருதீனும் காரைக்காலில் ஒன்றாக வளர்ந்தவர்கள், பிரெஞ்சுப் பட்டாளத்தில் ஒன்றாகச் சேர்ந்து பிரான்சுக்குப் போனவர்கள். திரும்பியது கமாலுதீன் மட்டும். அமீருதீன் ஷரீஃபாவின் முதல் கணவர். வெள்ளிதோறும் ஜும்மா தொழுகை முடிந்து வருகிறவர்களிடம் கமாலுதீன் அந்தச் சாவை விவரிப்பார்.

"வெள்ளிக்கிழம மவுத்து, பாத்துக்கிடுங்க. யாருக்குக் கெடைக்கும் அந்தப் பாக்கியம்? என் கையாலதான் குளிப்பாட்டுனேன். மூணு தண்ணி, கடைசித் தண்ணியில கற்பூரம். தோள்ல தூக்கிக்கிட்டு ப்ரெவால் பாலத்தக் கடந்து, அக்கரை மேட்டுல அடக்குனேன்."

வாரத்துக்கு வாரம் மேடு உயர்ந்தது, பாலம் நீண்டது. சொல்லி முடித்ததும் கண்ணைத் துடைத்துக்கொண்டு அடுத்த பலகாரத்தை எடுப்பார். அந்தக் கையை நம்பித்தான் ஷரீஃபா அவரை மறுமணம் செய்திருந்தார்.

"அவங்களக் குளிப்பாட்டுன கையி தம்பி," என்று ஒருமுறை என்னிடம் சொன்னார். "அதுக்கு மேல நா என்னத்தக் கேக்க?"

நான் அதிகம் பேசாதவன். அதனால் அந்தக் கதையை எல்லோரையும்விட அதிகமாகக் கேட்டேன். எல்லோரையும்விட அதிகமாக வெறுத்தேன்.

ஜூலையில் எர்ணாகுளத்துப் பழைய புத்தகக் கடையில், இறந்துபோன ஒரு பாதிரியாரின் பெட்டிக்குள் அந்தப் புத்தகம் கிடைத்தது. ப்ரெவால் நகரின் வரலாறும் புவியியலும். அவ்வூர்ப் பள்ளி ஆசிரியர் எழுதியது. லுவார் ஆற்றின் தென்கரையில் ஒரு சின்ன ஊர். தட்டையான நிலம். மாதாகோவில் சுவரில் வெள்ளம் ஏறிய வருடங்களைக் கீறி வைத்திருக்கிறார்கள். ஆற்றின் மணல்திட்டுகள் வருடத்துக்கு வருடம் இடம் மாறுமாம். மேடு என்று சொல்ல வடகரையில் மட்டும் ஒன்று; கல்லறைகள் அதன்மேல்தான்.

மூன்று நாளில் படித்து முடித்தேன். அந்த வெள்ளிக்கிழமை விருந்தாளிகள் போனபின் புத்தகத்தோடு கீழே இறங்கினேன். ஷரீஃபா பாத்திரங்களை எடுத்துக்கொண்டிருந்தார்.

"பாய், 1940 ஜூன் பதினெட்டு, செவ்வாய்க்கிழமை விடியற்காலம் பாலத்தை உங்க பட்டாளமே வெடி வச்சுத் தகர்த்திருக்கு. வெள்ளிக்கிழமை மேட்டுல ஜெர்மன்காரன் இருந்தான். நீங்க எந்தப் பாலத்தைக் கடந்தீங்க?"

"அய்யரே, புஸ்தகத்துல ஆயிரம் எழுதுவான்," என்று சிரித்தார். "நீங்க அவிட இருந்தீங்களாக்கும்?"

"நீங்க இருந்தீங்களே. சொல்லுங்க."

ஷரீஃபா பாத்திரத்தைக் கீழே வைத்தார். கமாலுதீன் அவர் முகத்தைப் பார்த்தார். சிரிப்பு வழிந்து போனது.

"கால்ல குண்டு. நடுப் பாலத்துல உக்காந்துட்டான். வெடி வைக்கப் போறாங்கன்னு விசில் ஊதுனாங்க. நா ஓடிட்டேன்." குரல் இறங்கியது. "ஒனக்கு ஆறுதலா இருக்கட்டும்னுதான் வெள்ளிக்கிழமைன்னு..."

எவ்வளவு மலிவான மனிதர்! செவ்வாயன்று தாம் கைவிட்ட நண்பனுக்கு வெள்ளிக்கிழமையைத் தானம் கொடுத்தார். உண்மையான கிழமையைச் சொல்லியிருந்தால் என்னால் அவரைப் பிடித்திருக்கவே முடியாது.

வெளியே மழை.

குளியலறைக்குள் தண்ணீர் ஊற்றும் சத்தம் தொடங்கியது.

ஷரீஃபா முதல்முறையாக அந்தப் பக்கம் திரும்பினார்.

"இத்தன வருசமா எலின்னீங்க. ஓட்டு ஒழுக்குன்னீங்க."

அவர் எழுந்து போய்த் தாழை நீக்கினார்; சத்தம் நின்றது, உள்ளே யாருமில்லை. குளியலறைப் பலகையருகே மூன்று குடம் நிறைத்து வைத்தார். இலந்தை இலை. கற்பூரம். ஒரு வெள்ளைத் துணி.

"குளிப்பாட்டுனேன்னுதானே சொன்னீங்க? போங்க. குளிப்பாட்டுங்க."

"ஷரீஃபா..."

"நா இன்னொருத்தம் பொண்டாட்டி. எனக்கு அவங்களத் தொட உரிமையில்ல. நீங்க போங்க."

கமாலுதீன் என்னைப் பார்த்தார். நான் புத்தகத்தில் ஒரு பக்கம் புரட்டினேன்.

அவர் உள்ளே போனார். ஷரீஃபா தாழிட்டார்.

முதல் குடம் ஊற்றும் சத்தம்.

இரண்டாவது.

மூன்றாவதில் கற்பூர மணம் வந்தது.

உள்ளே இருந்தது மூன்று குடம்தான்.

நான்காவது முறை ஊற்றும் சத்தம் கேட்டது. அது குடத்துத் தண்ணீர் அல்ல. அகலமான எதுவோ அந்தச் சிறிய அறைக்குள் நிறைந்து, சுழன்று, இழுத்துக்கொண்டு போயிற்று. கதவடியில் ஒரு சொட்டுக்கூட வரவில்லை.

பிறகு ஒன்றுமில்லை.

ஷரீஃபா தாழை நீக்கினார்.

கமாலுதீன் அங்கே இல்லை. வேறு வாசல் கிடையாது. ஜன்னல் கம்பிகளுக்கு நடுவே கை நுழையாது.

பலகைமேல் ஒரு இளைஞன் கிடந்தான். இருபத்தைந்து வயது இருக்கும். மார்பு வரை வெள்ளைத் துணி. ஈரத் தலைமுடி. இடது காலில் ரத்தமற்ற காயம்.

நாற்பதைத் தாண்டிய ஷரீஃபா வாசலிலேயே நின்றார். தொடவில்லை.

"எம்புட்டுச் சின்னப் புள்ளையா இருக்காங்க," என்றார்.

காரைக்காலிலிருந்து வந்த உறவுக்காரப் பையன், காய்ச்சலில் போய்விட்டான் என்று பள்ளிவாசலில் சொன்னோம். அன்றே அடக்கினார்கள். கமாலுதீன் எங்கோ ஓடிப்போனார் என்று தெரு பேசியது. அவரைப் பற்றி அதை நம்ப யாருக்கும் சிரமமில்லை.

1961இல் ப்ரெவால் நகராட்சிக்கு எழுதினேன், புத்தகத்தில் வராத எதுவும் இருக்கிறதா என்று. அந்தப் பள்ளி ஆசிரியரே பதில் எழுதினார். 1957 கோடையிலிருந்து, ஆறு வற்றும் நாட்களில், புதுப் பாலத்தின் நடுத்தூணடியில் ஓர் ஆண் குரல் கேட்கிறது என்று மீன்பிடிப்பவர்கள் சொல்கிறார்களாம். புரியாத மொழி. தாமே கேட்டதைப் பிரெஞ்சு எழுத்தில் எழுதியிருந்தார். இந்தியரான தங்களுக்கு விளங்குமா என்று கேட்டிருந்தார்.

உதட்டுக்குள் மெல்லப் படித்துப் பார்த்தேன்.

ஷரீஃபா, கதவத் தொற.

"எங்கேருந்து தம்பி கடுதாசி?" என்று ஷரீஃபா அடுக்களையிலிருந்து கேட்டார்.

"கம்பெனிக் கடுதாசி, அக்கா," என்றேன்.

அமீருதீன் மட்டாஞ்சேரி மண்ணில் இருக்கிறார். ஷரீஃபா போன வருடம் பள்ளுருத்தியில், தன் தம்பி மகள் ரம்லத் வீட்டில் காலமானார். கேட்டுக்கொண்டபடியே அவரை அமீருதீனுக்குப் பக்கத்தில் அடக்கினார்கள். நான் அதே கம்பெனியில் கடிதம் எழுதுகிறேன். ப்ரெவால் கடிதத்துக்கு மட்டும் பதில் போடவில்லை. ஆசிரியர் விடாமல் வருடா வருடம் எழுதுகிறார். கமாலுதீன் இந்தக் கோடையிலும் கூப்பிட்டாராம்.