விரல்கள் காட்டைப் பார்த்திருந்தன

மூன்றாவது காலடித் தடத்தை வரைபடத்தில் குறித்தபோதுதான் போலீஸ் நிலையத்தில் எழுத்து வேலை பார்க்கும் கிராணி சேதுராமன் அதைக் கவனித்தான். திங்கட்கிழமை காட்டோரத்து ஆயர் குரோ. புதன்கிழமை பாதி வழியிலுள்ள புக்கிட் காதில். இன்று ஊருக்குள்ளேயே காஜா பேராங், அவன் வீட்டுக்குப் பின்னாலுள்ள வாய்க்கால் கரை. மூன்றிலும் கால்விரல்கள் காட்டைப் பார்த்திருந்தன. தேதிகள் மட்டும் ஊருக்குள் வந்துகொண்டிருந்தன.

"ஒத்த ஆளு. காட்டுக்குத் திரும்புறான்," என்றார் இன்ஸ்பெக்டர் பொன்னுதுரை. "ஆயர் குரோவுல மடக்கிரலாம்."

"பின்பக்கமா நடந்து வந்திருந்தா, சார்?"

"அத்தனை மைலா? எங்க, மாமியார் வீட்டுக்கா? கோடு போடுறதோட நில்லு கிராணி."

சேதுராமன் மறுபடி வரைபடத்தின்மேல் குனிந்தான். பெருவிரல்மேல் ஏறிக் கிடக்கும் அந்த இரண்டாம் விரலை, ஒரே பாயில் படுத்த காலத்திலிருந்து அவனுக்குத் தெரியும். காட்டுக்குள் கம்யூனிஸ்டுகளோடு சேர்ந்துவிட்ட தம்பி தியாகுவின் கால். இரண்டு வாரத்துக்கு முன் போலீஸ் முற்றத்தில், சுட்டுக் கொண்டுவந்த பிணமொன்றில், கித்தான்மேல் அதே கால் விறைத்துக் கிடந்தது.

"தெரிஞ்ச ஆளா?" என்று அன்று பொன்னுதுரை கேட்டார்.

"தெரியாது, சார்."

தெரியும் என்றிருந்தால் அண்ணனான அவனுக்கும் தடுப்பு முகாம். பிறகு இந்தியாவுக்குக் கப்பல். கர்ப்பிணியான மனைவி கோகிலா தனியாக நிற்பாள். தியாகுவைப் பெயரில்லாமல் புதைத்தார்கள். கொள்ளி வைக்க ஆளில்லை.

ஆறு மணிக்கு ஊரடங்குச் சங்கு ஊதியது. இனி வாசலில் கால் வைத்தால் சுடுவார்கள். கோகிலா கிளேபாங்கில் தாய்வீட்டில் இருந்தாள். அவன் கதவுகளைத் தாழிட்டுவிட்டு நாற்காலியில் உட்கார்ந்தான். தகரக் கூரையில் மழை ஓயாமல் கொட்டியது. ஈரச் சுவரின் வாடையோடு, தோண்டிய களிமண்ணின் வாடையும் மெல்லக் கலந்து, மாலை வெளிச்சம் மங்காமலிருந்த கூடத்தில் வந்து தேங்கியது.

சமையலறையில் ஏதோ உரசியது.

சிமெண்டுத் தரையில் ஈரத் தடம். விரல்கள் சமையலறைப் பக்கம். குதிகால் அவன் பக்கம்.

இன்னொன்று. அருகே.

தெருவில் ரோந்து லாரி மெதுவாகப் போனது. கத்தினால் வருவார்கள். யாரென்று கேட்பார்கள்.

அவன் கத்தவில்லை. லாரிச் சத்தம் தேய்ந்தது.

நிமிர்ந்தான். எதிரே ஒரு முதுகு. மண் அப்பிய பின்னங்கழுத்து. அது திரும்பவில்லை. கைகள் மட்டும் பின்னால் வளைந்து நீண்டன. குளிர்ந்த விரல்கள் அவன் நெற்றியைத் தொட்டன. புருவம். மூக்கு. யாரென்று தெரிந்துகொள்வதுபோல், நிதானமாக.

"தியா..."

விரல்கள் அவன் உதடுகளைச் சேர்த்துப் பிடித்தன. பிடி தளரவில்லை.