மீட்புப் பிரதி

ஞாயிறு காலை ஆறு மணிக்குத் தூத்துக்குடியில் எல்லோரும் பத்து நிமிடம் அசையாமல் உட்கார்ந்திருப்பார்கள். காதுக்குப் பின்னால் பதித்த நினைவுச்சில்லு அந்த வாரத்தைப் பிரதி எடுக்கும் நேரம் அது. சில்லு வந்தபின் மனித மூளை எதையும் நெடுநாள் தேக்கி வைப்பதில்லை.

துறைமுகத்தில் கிரேன் ஓட்டும் தேவசகாயத்தின் சில்லில் ஒரு கிருமிநிரல் புகுந்திருந்தது. அது அவருக்கு இடத்தை வலமாகவும் வலத்தை இடமாகவும் காட்டியது. ஒருநாள் அவர் இறக்கிய கண்டெய்னருக்கு அடியிலிருந்து இரண்டு பேர் பாய்ந்து தப்பினார்கள். அன்றோடு அவரைக் கிரேனில் ஏறவிடவில்லை.

சில்லுப் பழுது பார்க்கும் பூங்கொடி மூன்று முறை அந்த நிரலை நீக்கினாள். மூன்று முறையும் திரும்பி வந்தது. நான்காம் வாரம், ஞாயிறு விடியலில் கருவியோடு அவர் வீட்டுக்கே வந்து, பிரதி எடுப்பதைக் கண்கொட்டாமல் பார்த்தாள்.

"கண்டுபிடிச்சிட்டேன் அண்ணாச்சி. புதுப் பிரதி எடுக்கும் முன்னாடி, சில்லு பழசோட ஒத்துப் பாக்குது. நான் எடுத்துப்போட்ட கிருமியைக் காணோம்னதும், ஏதோ தொலைஞ்சிட்டுன்னு நெனச்சு அதுவே எடுத்துத் திரும்ப வைக்குது."

"அப்போ பழைய பிரதியையும் சுத்தம் பண்ணிரும்மா."

"எந்த வாரத்துப் பிரதியில ஒட்டிட்டு இருக்குன்னு தெரியாது. ஒண்ணு தப்பினாலும் திரும்ப வந்துரும். மொத்தமா அழிக்கணும்."

சில்லில் இருக்கும் கடைசி இரண்டு வருடம் மட்டும் மிஞ்சும்; அதிலும் இன்னும் பிரதி எடுக்காத நடப்பு வாரம் போய்விடும். அதற்கு முந்தைய வாழ்க்கை முழுவதும் பிரதிகளில்தான் இருந்தது.

அவர் ஒரு வாரம் அவகாசம் கேட்டார். தினமும் சாயங்காலம் மனைவி ரெஜினாவை எதிரில் உட்காரவைத்துச் சொல்லிக்கொண்டே போனார். பின்னால் அவருக்கு அவள்தான் எடுத்துச் சொல்ல வேண்டும். கல்யாணத்தன்று பெய்த மழை, மகள் பிறந்த அன்று ஆஸ்பத்திரி வாசலில் செருப்பைத் தொலைத்தது, முதன்முதலில் கிரேன் ஏறியபோது கால் நடுங்கியது. ரெஜினா எல்லாவற்றையும் கேட்டாள். வேறு ஏதோ ஒன்றுக்காகக் காத்திருப்பவள் போலவும் இருந்தாள்.

கடைசி நாள், "இன்னும் ஏதாச்சும் இருக்கா?" என்று கேட்டாள்.

அவர் தரையைப் பார்த்தபடி எழுந்துகொண்டார். "அவ்வளவுதான்" என்றார்.

பூங்கொடி அழித்தாள். அடுத்த ஞாயிறு கிருமி வரவில்லை. அதற்கடுத்த ஞாயிறும் வரவில்லை. துறைமுகத்தில் அவரைத் திரும்ப எடுத்துக்கொண்டார்கள்.

ரெஜினா தினமும் கொஞ்சம் கொஞ்சமாக அவர் வாழ்க்கையை அவருக்குச் சொன்னாள். அவர் யாருடைய கதையையோ கேட்பதுபோல ஆவலாகக் கேட்டார். மழைக்கும் செருப்புக்கும் சிரித்தார்.

"நமக்குள்ள சண்டையே வந்ததில்லையா?"

ரெஜினா யோசித்தாள். மறைத்துவிடலாம், இனி அவளைத் தவிர யாருக்கும் தெரியாது. ஆனாலும் சொன்னாள்.

"பாப்பாவுக்கு மூணு வயசுல, எட்டு மாசம் நீங்க வீட்டுல இல்ல."

"எங்க போனேன்?"

"தெரியாது."

"ஏன் போனேன்?"

"நீங்க சொன்னதில்ல. அழிக்கிறதுக்கு முன்னாடியாவது சொல்லுவீங்கன்னு பாத்தேன்."

அந்த எட்டு மாதம் இனி எங்கும் இல்லை. மன்னிப்புக் கேட்கலாம் என்றால் தேவசகாயத்துக்கு எதற்கென்று தெரியவில்லை.

"திரும்பி வந்தப்போ என்ன சொன்னேன்?"

"பசிக்குதுன்னு சொன்னீங்க" என்றாள் ரெஜினா. "சோறு போட்டேன்."