எரிந்தவை ஐந்து

ட்ரிங்... ட்ரிங்... ட்ரிங்!

காலை ஒன்பது மணிக்குக் காவல் நிலையத் தொலைபேசி அலறியது.

சப்-இன்ஸ்பெக்டர் சங்கரலிங்கம் தேநீர்க் குவளையைக் கீழே வைத்துவிட்டு எடுத்தார்.

"சார்... பந்தல்குடி மொளகா வத்தக்கடை பொன்னுச்சாமி பேசுறேன். வீட்ல பேய் பூந்துருச்சு! சாமானெல்லாம் எரிக்குது!"

"பேய் மேல எந்தச் செக்சன்ல கேஸு போட, அண்ணாச்சி?"

"வெளயாடாதீக சார்! எம்மக கஸ்தூரி மேலதான் எறங்கியிருக்கு. பத்து வயசு. ரெண்டு மாசமா ஒரு வார்த்தை பேசல. பதினோரு மணிக்குப் பேயோட்ட நரிக்குடிக் கோடாங்கி வாராரு. பிரம்பால அடிச்சு வெரட்டும்போது ஊரே கூடிரும். பந்தோபஸ்து வேணும்!"

அடிச்சு...

சங்கரலிங்கத்தின் இடது கெண்டைக்கால் அரித்தது. ஆறி முப்பது ஆண்டுகள் ஆகிவிட்ட தழும்பு. அந்த ஒரு சொல்லைக் கேட்டால் மட்டும் அதற்கு உயிர் வந்துவிடும்!

ஜீப் புறப்பட்டது. 1991ஆம் ஆண்டின் ஆடிக்காற்று, தூத்துக்குடிச் சாலையின் புழுதியை வாரி முகத்தில் இறைத்தது. காவலர் பால்ச்சாமி தமது சட்டைப்பையைத் தொட்டுத் தொட்டுப் பார்த்துக்கொண்டார்.

"உள்ள என்னய்யா, துப்பாக்கியா?"

"எலுமிச்சம்பழம் அய்யா. ஒரு பாதுகாப்புக்கு..."

வீட்டு வாசலில் பொன்னுச்சாமி வெள்ளை வேட்டியில் நின்றார். அடுப்படிக் கதவுக்குப் பின்னே அவர் மனைவி ராமலட்சுமி. வற்றல் மூட்டைக்கு அருகே, முழங்கால்களைக் கட்டிக்கொண்டு கஸ்தூரி.

"எரிஞ்ச சாமான ஒவ்வொண்ணாச் சொல்லுங்க."

"மொதல்ல பிரம்பு சார்."

"அப்புறம்?"

"தோல் பெல்ட்டு. கொல்லைச் சாம்பல்ல பக்கிள் மட்டுந்தான் கெடந்துச்சு! பெறகு பனமட்டை, மர ஸ்கேலு, குடை."

"குடையா?"

"மரப்பிடி போட்டது சார். கைக்கு நல்லாக் கனமா இருக்கும்."

பால்ச்சாமி அண்ணாந்து பார்த்தார்.

"கொடியில பட்டுச்சேல தொங்குது. ஒரு பொட்டுக்கூடக் கருகல. வெவரமான பேய் அய்யா!"

சங்கரலிங்கத்தின் பேனா நின்றது.

ஐந்து பொருள்கள். வேறு எவர் படித்தாலும் அது வீட்டுச் சாமான் பட்டியல். அவருக்கோ ஒவ்வொன்றும் காற்றைக் கிழித்து வரும் ஓசை தனித்தனியே கேட்டது!

"அண்ணாச்சி, செத்த வெளியில நில்லுங்க."

அவர் சிறுமியின் எதிரே தரையில் அமர்ந்தார். அவளுடைய தோளுக்குக் கீழே கன்றிய தடம் ஒன்று... குடைப்பிடியின் வளைவு!

"நானும் ஒருநா எங்கய்யா பிரம்ப எரிக்க நெனச்சேன், தாயி. தீப்பெட்டிதான் அகப்படல. நீ என்னைய விடக் கெட்டிக்காரி. நீதான எரிச்ச?"

கஸ்தூரி இல்லையெனத் தலையசைத்தாள்.

"அப்ப பேயில்லையா? இந்தக் கழுதைதான் எரிச்சுச்சா!"

வாசலிலிருந்து பாய்ந்து வந்தார் பொன்னுச்சாமி. மகளை நோக்கிக் கை ஓங்கியது!

"தொடாதீக! நாந்தேன் எரிச்சேன்!"

அடுப்படியிலிருந்து வந்த அலறலில் ஓங்கிய கை அந்தரத்திலேயே நின்றது. பால்ச்சாமி அதைப் பற்றிக்கொண்டார்.

சங்கரலிங்கம் திகைத்தார். இருபது ஆண்டு உத்தியோகத்தில் இப்படி அசடு வழிந்ததில்லை!

"அவ மேல பட்டது எதுவும் மறுநா வீட்ல இருக்கக்கூடாதுன்னு அடுப்புல வச்சேன் சார். இவுக அடுப்படிப் பக்கம் எட்டிக்கூடப் பாத்ததில்ல. பேயின்னு இவுகளாச் சொன்னாக. நானும் சரின்னுட்டேன்."

"பிரம்ப எரிச்சா இன்னொண்ணு வாங்குவாரும்மா. இப்பக் கோடாங்கியும் ஒண்ணு கொண்டாராரு."

"ரெண்டு மாசமாப் பேச மாட்டேங்குறாளே, எம்பிள்ளைக்குப் பைத்தியமா சார்?"

"இல்லம்மா. பயந்துபோன மனசு. கால் ஒடிஞ்சாக் கட்டுப் போடுறோம்ல? மனசுக்கும் மதுரை பெரியாஸ்பத்திரில டாக்டர் இருக்காக. ஒருநா போனாப் பத்தாது, மாசக்கணக்காப் போகணும். அதுவரைக்கும் எங்க இருப்பீக?"

"பாலவனத்தத்துல எங்கண்ணன் வீடு இருக்கு."

"சரி. வாரா வாரம் பால்ச்சாமி வந்து பாப்பாரு. எலுமிச்சம்பழம் இல்லாம!"

"அய்யா...!" பால்ச்சாமி நெளிந்தார்.

"அண்ணாச்சி, மொதல்ல ஸ்டேசன். பெறகு நீங்களும் அந்த டாக்டரப் பாக்கணும்."

"எனக்கென்ன கேடு? எங்கய்யா அடிச்சுத்தான வளத்தாரு! நா நல்லா இல்லையா?"

"நல்லாவா? மக ஒடம்புல இத்தனை தழும்ப வச்சுக்கிட்டு, பேயப் புடிக்கப் போலீசுக்குப் போன் போட்ட ஆளு நீங்க!"

பால்ச்சாமி பொன்னுச்சாமியை ஜீப்பில் ஏற்றிக்கொண்டு புறப்பட்டார். தாயையும் மகளையும் பேருந்தில் ஏற்றிவிடுவதற்காகச் சங்கரலிங்கம் வாசலில் காத்து நின்றார்.

பேருந்து வந்தது. முதலில் இறங்கியது உடுக்கை. அடுத்துப் பளபளக்கும் புதுப் பிரம்பு. இரண்டுக்கும் பின்னே கோடாங்கி!

"பேய் எங்க?"

"ஜீப்புல போயிருச்சு சாமி. இந்நேரம் ஸ்டேசன் வாசல்ல எறங்கியிருக்கும்."

கஸ்தூரியின் உதட்டோரம் சற்றே அசைந்தது.

கோடாங்கியின் கையிலிருந்த பிரம்பைச் சங்கரலிங்கம் மெல்ல உருவி, ராமலட்சுமியிடம் நீட்டினார்.

"வச்சுக்கங்கம்மா... ஒங்கண்ணன் வீட்டு அடுப்புக்கும் வெறகு வேணும்ல!"