கொட்டகை டெர்மினல்

வேணுகோபால் அரியலூர் ஸ்டேஷனில் இறங்கியபோதே வெயில் ஏறியிருந்தது. மெட்ராஸ் கம்ப்யூட்டர் கம்பெனி ஒன்றில் அவன் புரோகிராமர். எண்பத்தொன்பதாம் வருஷம். சிமெண்ட் ஆலை ஒன்றின் சுண்ணாம்புக்கல் சுரங்கத்துக்கு அவனுடைய கம்பெனி கம்ப்யூட்டர் கொடுத்திருந்தது. அதன் அடிப்படை புரோகிராமான கெர்னலில் செய்த ஒரு மாற்றத்தைச் சரிபார்த்து, ஏற்றிவிட்டுத் திரும்ப வேண்டும். அவ்வளவுதான் வேலை.

கம்ப்யூட்டர் அறை ஈரத்துணி போலக் குளிர்ந்து கிடந்தது. ஆபரேட்டர் செங்கமலம் எழுந்து நின்றாள்.

"குழிக்குள்ள எறங்குற ஆளுங்க பேரெல்லாம் ஒரே ஃபைல்லதான் சார் இருக்கு. வெளிய வந்தா எடுத்துடுவோம். ஃபைல் காலியானாத்தான் வெடி வைப்பாங்க."

ஒருவர் ஃபைலில் எழுதும்போது இன்னொருவர் கை வைக்காதபடி கெர்னல் பூட்டுப் போட்டுக்கொள்ளும். போன வருஷம் வரை அந்தப் பூட்டு இல்லை. ஒருநாள் இங்கேயும் குழியோரக் கொட்டகையிலிருந்த டெர்மினலிலும் இரண்டு பேர் ஒரே நொடியில் எழுத, ஒன்றின் மேல் ஒன்று விழுந்து, அரியமுத்து என்கிற தொழிலாளியின் பெயர் அழிந்துபோனது. ஃபைல் காலி என்று காட்டியது. வெடிக்கான சங்கை ஊதினார்கள்.

"அவர் உடம்ப முழுசா எடுக்க முடியல சார்" என்றாள் செங்கமலம், தரையைப் பார்த்து.

அதன் பிறகுதான் பூட்டு வந்தது. கொட்டகையை மூடி, ஒயரை வெட்டி, கேட்டுக்குப் பக்கத்தில் வேறு டெர்மினல் வைத்தார்கள். ஆனால் பூட்டு திறக்க நேரம் பிடித்தது. பெயர் பதிய வரிசையில் நின்று ஆட்கள் வெயிலில் காய்ந்தார்கள். பூட்டைச் சீக்கிரம் விடுவிப்பதுதான் இப்போதைய மாற்றம்.

வேணுகோபால் அச்செடுத்த தாள்களை மேஜையில் விரித்து வரிவரியாகப் படித்தான். ஓரிடத்தில் பென்சில் நின்றது. எழுதியது டிஸ்கில் போய்ச் சேரும் முன்பே பூட்டு விடுபட்டது. இமைக்கும் நேரம்தான். அந்த நேரத்தில் இன்னொருவர் எழுதினால் பழைய கதைதான்.

சுரங்க மேனேஜர் நல்லுசாமி எட்டிப் பார்த்தார். "என்ன சார், ஆச்சா? மதியத்துக்குள்ள ஓட்டணும்."

"ஒரு சின்ன ஓட்டை இருக்கு. ஆயிரத்துல ஒரு தடவைதான் வரும்."

"அப்புறம் என்ன? ஏத்திடுங்க."

அவன் ஏற்றினான்.

மெஷின் மறுபடி உயிர்பெற்ற கையோடு ஃபைல் பூட்டிக்கொண்டது. யாரும் அதைத் தொடவில்லை. பூட்டு யாரிடம் இருக்கிறது என்று கேட்டுப் பார்த்தான். திரையில் பதில் வந்தது.

கொட்டகை டெர்மினல்.

செங்கமலத்தின் முகம் வெளுத்தது. "அதுக்கு ஒயரே இல்லையே சார்."

இருவரும் நடந்தார்கள். உச்சி வெயிலில் குழி வெள்ளையாகக் கண்ணைக் குத்தியது. கொட்டகைக் கதவில் துருப்பிடித்த பூட்டு தொங்கியது. வெட்டிய ஒயரின் நுனி புல்லில் கிடந்தது. வேணுகோபால் ஜன்னல் கம்பி வழியே உள்ளே பார்த்தான். கருகிய வெடிமருந்தின் நெடி மூக்கில் ஏறியது.

திரை எரிந்துகொண்டிருந்தது.

மேஜையெல்லாம் சுண்ணாம்புத் தூள். கீபோர்டில் ஒரு கட்டை மெல்ல அமுங்கியது. நெடுநேரம் கழித்து அடுத்தது. எழுத்துப் பழகாதவன் ஒற்றை விரலால் தேடித் தேடி அமுக்குவது போல. திரையில் ஒரு பெயர் எழுத்தெழுத்தாக வளர்ந்தது.

அரியமுத்து.

வேணுகோபாலின் பிடரிக்குப் பின்னால் யாரோ மூச்சு விட்டார்கள். அந்த மூச்சில் சூடே இல்லை.

"எம் பேரு இருக்கா சார்?"

அவனுக்குக் கழுத்தைத் திருப்ப முடியவில்லை. செங்கமலம்தான் கண்ணை இறுக மூடிக்கொண்டு பதில் சொன்னாள்.

"இருக்குண்ணே. இருக்கு."

இரைக்க இரைக்க அறைக்கு ஓடிவந்து, வேணுகோபால் பழைய கெர்னலையே திரும்ப ஏற்றினான். ஃபைல் திறந்தது. வெடி நேரம் நெருங்க, ஆட்கள் வெளியேற வெளியேறப் பெயர்கள் ஒவ்வொன்றாகப் போயின. கடைசியில் ஒன்று மட்டும் நின்றது.

அறைக்குள் வந்த நல்லுசாமி எரிந்து விழுந்தார். "செத்தவன் பேருக்காக வெடிய நிறுத்தச் சொல்றியா? எடும்மா அத!"

எடுத்தாள். திரும்ப வந்தது. மறுபடி எடுத்தாள். வந்தது. மூன்றாம் முறை நல்லுசாமியே குனிந்து அமுக்கினார். பெயர் அசையவில்லை. அவர் கையைச் சட்டென்று இழுத்துக்கொண்டு, விரல்களை வேட்டியில் துடைத்தார். விரல் நுனியெல்லாம் வெள்ளைத் தூள்.

செங்கமலம் எழுந்து வெளியே போனாள். ஜன்னல் வழியே வேணுகோபால் பார்த்தான். குழியின் விளிம்பில் நின்று, இரண்டு கைகளையும் வாயருகே குவித்து அவள் கூப்பிட்டாள்.

"அரியமுத்தண்ணே! எல்லாரும் வந்தாச்சு. நீங்களும் மேல வந்துடுங்க!"

குரல் குழிக்குள் இறங்கிச் சுற்றி ஓய்ந்தது.

திரையில் பெயர் இல்லை.

சற்று நேரத்தில் சங்கு ஊதியது. வெடி அதிர்ந்தது. வேணுகோபால் தாளின் கடைசிப் பக்கத்தில் 'இந்த மாற்றம் கூடாது' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டான். காலையிலேயே எழுதியிருக்க வேண்டியது என்று மனம் குத்தியது. செங்கமலத்திடம் சொல்லிக்கொண்டு, பொழுது சாயும் முன்பே ஜீப்பில் ஏறி முன்சீட்டில் உட்கார்ந்தான். டிரைவர் வைரக்கண்ணு வண்டியை எடுத்தான். சோளக்கொல்லைகளும் செம்மண் மேடுகளும் பின்னால் போகப் போக, நெஞ்சு கொஞ்சம் கொஞ்சமாகத் தணிந்தது.

ஸ்டேஷன் வாசலில் வண்டி நின்றது. வேணுகோபால் பையை எடுத்துக்கொண்டு இறங்கினான்.

வைரக்கண்ணு கண்ணாடியில் பின்சீட்டைப் பார்த்தான். பிறகு மரியாதையாகக் கேட்டான்.

"கூட வந்தவரும் மெட்ராசுக்குத்தானா சார்? நீங்க ஏறுறதுக்கு முன்னாடியே கேட்டேன், ஒண்ணும் சொல்லல, உங்களையே பாத்துக்கிட்டு ஒக்காந்திருக்காரு."